மாவு கம்பெனிக்கு டீசலா சோலாரா: பிறையில அளந்து பார்த்து போட்ட பேக்கப்

அக்காவும் அத்தானும் மலேசியாவுல, பினாங்கு மாநிலத்து பிறையில ஒரு சின்ன இண்டஸ்ட்ரியல் லாட்டுல இட்லி தோசை மாவு அரைச்சு பாக்கெட் போட்டு பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், தீவுப்பக்கம் லிட்டில் இந்தியா கடைங்க வரைக்கும் அனுப்புறாங்க. வாடகை இடம், சிங்க் கூரை, த்ரீ ஃபேஸ் கரண்டு. கரண்டு போனா சமாளிக்கறதுக்கு ரெண்டு கொட்டேஷன் வாங்கி வெச்சிருந்தாங்க, ஒண்ணு 20 கேவிஏ டீசல் ஜெனரேட்டர், தானா மாறுற ஏடிஎஸ் போர்டோட 29,500 வெள்ளி (ரிங்கிட்), இன்னொண்ணு சோலார், மொத்த கம்பெனியும் ஓடும்னு சொல்லி பேனல் பேட்டரி எல்லாம் சேர்த்து 110,000 வெள்ளி. "மச்சான், நீதான் ஃபேக்டரியில மெயின்டனன்ஸ் பாக்குறவன், எதுல கையெழுத்து போடறது சொல்லு"ன்னு அத்தான் கேட்டார். ரெண்டுலயும் வேணாம், முதல்ல அளப்போம்னு சொன்னேன்.

ஏன்னா ரெண்டு பேருமே கம்பெனிக்கு எவ்ளோ கரண்டு வேணும்னு மீட்டர் வெச்சு பாக்கல. ஜெனரேட்டர்காரர் மெயின் பிரேக்கர் சைஸை பார்த்து சொல்லிட்டார், சோலார்காரர் லைட் பில்லை பார்த்து சொல்லிட்டார். கரண்டு போற நேரத்துல எது ஓடணும், எது நின்னா பரவாயில்லன்னு யாரும் கேக்கவே இல்ல, பேக்கப் கணக்கு முழுக்க அந்த ஒரு கேள்வியிலதான் இருக்கு.

அங்க இருக்கறது என்னன்னா, 2 எச்பி டில்ட்டிங் கிரைண்டர் மூணு, பேக்கிங் மெஷினும் அதுக்கு ஒரு சின்ன ஏர் கம்ப்ரஸரும், 3 எச்பி ஸ்க்ரோல் கம்ப்ரஸர் வெச்ச கோல்ட் ரூம் ஒண்ணு, ரெண்டு சாதா ஃப்ரீஸர், ஆஃபீஸ்ல ஒரு ஏர்கான், லைட்டு, கேமரா. எல்லாம் ஒரே நேரத்துல ஓடுனா பத்து பதினோரு கிலோவாட் வரும். ஆனா எல்லாம் ஒரே நேரத்துல ஓடாது, சாயங்காலம் அரிசி உளுந்து ஊறப் போட்டு விடியக்காலை நாலு மணிக்கு அரைக்க ஆரம்பிச்சு ஒம்பது மணிக்குள்ள கிரைண்டர் கழுவிடுவாங்க, மாவு டிரம்ல புளிச்சு மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல பாக்கெட் ஆகும், அப்புறம் கோல்ட் ரூம், மறுநாள் காலையில வேன்.

அரைக்கும்போது கரண்டு போனா அரை மணி நேரம் லேட்டு, அவ்ளோதான், ஊறின உளுந்து எங்கயும் ஓடிப் போகாது. கோல்ட் ரூம் நின்னாதான் வினை. நம்ம ஊர் சூட்டுல மாவு புளிக்கறது நிக்கவே நிக்காது, குளிர் போச்சுன்னா பாக்கெட்டுக்குள்ள கேஸ் சேர்ந்து உப்பி ஓரத்துல ஒட்டின இடம் மெதுவா விட்டு, தட்டு தட்டா வழிய ஆரம்பிக்கும், கதவை திறந்தா அந்த புளிச்ச வாசம் மூஞ்சியில அடிக்கும். உப்பின பாக்கெட்டை கடைக்காரங்க வாங்க மாட்டாங்க. ஒரு ராத்திரி இருப்பு சுமாரா 2,000 வெள்ளி.

சரி, அளந்தது. வயரை சுத்தி கவ்வி கரண்டை அளக்கற கிளாம்ப் மீட்டர்ல கோல்ட் ரூம் கம்ப்ரஸர் ஓடும்போது ஃபேஸுக்கு 5.2 ஆம்ப், அதாவது 2.9 கிலோவாட் கிட்ட. ஸ்டார்ட் ஆகற அந்த நொடியை இன்ரஷ் மோட்ல பிடிச்சா 31 ஆம்ப். ஆறு மடங்கு. மோட்டாரை நேரா லைன்ல போட்டா இப்படித்தான் இழுக்கும், கண் சிமிட்டுற நேரம்தான், ஆனா ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ அந்த நேரத்தை தாங்கணும். 31 ஆம்ப்னா 21 கேவிஏக்கு மேல, ஓடறதோ 3 கிலோவாட்டுக்கு கீழ. ஜெனரேட்டர்காரர் பிரேக்கரை பார்த்து சொன்னாலும், 20 கேவிஏ எதுக்கு வேணும்னு அப்பதான் புரிஞ்சுது, மெஷினை ஓட்டறதுக்கு இல்ல, உதைச்சு கிளப்பறதுக்கு.

அடுத்தது கோல்ட் ரூம் குளிரை எவ்ளோ நேரம் பிடிச்சு வெக்கும்னு பார்த்தோம். இருப்பு நிறைய இருக்கற ராத்திரியில கம்ப்ரஸர் பிரேக்கரை அடைச்சிட்டு, சூட்டை தானா குறிச்சு வெக்கற டேட்டா லாக்கரை நடு ராக்குல வெச்சு, கதவை யாரும் தொடக்கூடாதுன்னு விட்டா 2 டிகிரியிலேர்ந்து 5 டிகிரி ஏற மூணரை மணி நேரம் ஆச்சு. அதே சோதனையை சாயங்காலம், இப்பதான் பேக் பண்ணின மாவை உள்ள அடுக்கின கையோட செஞ்சா கதையே வேற, மாவு உள்ள வரும்போதே இருபத்தஞ்சு டிகிரிக்கு மேல இருக்கு, ரூம் ஏற்கனவே 8 டிகிரியில தவிக்குது, அடைச்ச உடனே ஏற ஆரம்பிச்சிருச்சு. ஜில்லுனு இருக்கற இருப்பு பணம் குடுக்காம கிடைக்கற பேட்டரி, சூடான இருப்பு அப்படி இல்ல, அது கடன். அப்ப ஆபத்தான நேரம் சாயங்காலம் மூணு மணியிலேர்ந்து எட்டு மணி வரைக்கும். பினாங்குல இடி மழை எப்ப வரும்? செப்டம்பர்லேர்ந்து நவம்பர் வரைக்கும் பாருங்க, பெரும்பாலும் அதே நேரம்தான்.

அதனால முக்கியமான லோடுன்னு தனியா பிரிச்சது கோல்ட் ரூம், ஃப்ரீஸர், கொஞ்சம் லைட்டு, கேமரா, ஆஃபீஸ் கம்ப்யூட்டர். சாயங்காலம் முழு மூச்சுல ஓடுனா சுமாரா மூணரை கிலோவாட், நடுராத்திரி கம்ப்ரஸர் விட்டு விட்டு ஓடும்போது சராசரி ரெண்டு. பத்து பதினொண்ணுக்கு பதிலா மூணரை. இதை பிரிச்சு எழுதின உடனே அந்த 110,000 கொட்டேஷனை மடிச்சு வெச்சாச்சு.

டீசல் பக்கம் பேசலாம். நான் டீசலுக்கு எதிரி இல்ல, ஃபேக்டரியில பெரிய ஜென்செட்டை பாத்துக்கறவன்தான். ஒரு சனிக்கிழமை 20 கேவிஏ ஒண்ணை வாடகைக்கு எடுத்து, லைசென்ஸ் வயர்மேனை கூப்ட்டு, மெயினை அடைச்சு தனியா மாட்டி ஓட்டிப் பார்த்தோம். மாட்டின உடனே கோல்ட் ரூம் பிரேக்கரை போடல, முதல்ல ஒரு காலி கிரைண்டரை தட்டுனோம், அது மறுபக்கம் சுத்துச்சு. அக்கா பார்த்துட்டு "என்ன தம்பி, அரைச்ச மாவை மறுபடி அரிசி ஆக்கப் போறியா"ன்னாங்க. ரெண்டு ஃபேஸ் மாறி மாட்டியிருக்கு, அவ்ளோதான், மாத்தினா சரி ஆயிடும், ஆனா ஸ்க்ரோல் கம்ப்ரஸரை அப்படி தப்பு பக்கம் சுத்த விட்டா குளிராது, கரகரன்னு சத்தம் போடும், கொஞ்ச நேரம் விட்டா உள்ள கெட்டுப் போயிடும். யாராவது வாடகை ஜெனரேட்டரை த்ரீ ஃபேஸ்ல மாட்டறதா இருந்தா ஃபேஸ் ரொட்டேஷன் மீட்டர் வெச்சு பாருங்க, இல்லாட்டி இப்படி கெட்டுப் போகாத ஒரு மோட்டாரை முதல்ல ஓட்டி பாருங்க.

ஃபேஸ் சரி பண்ணி கோல்ட் ரூமை போட்டதும் லைட்டு ஒரு தடவை மங்கி எழுந்துச்சு, வோல்டேஜ் 400லேர்ந்து 335 வரைக்கும் இறங்கி உடனே ஏறிடுச்சு. தாங்குச்சு, குறை சொல்ல முடியாது. ஆனா கிளம்பினப்புறம் மொத்த லோடு 3.3 கிலோவாட், 20 கேவிஏ ஜெனரேட்டர் குடுக்கக்கூடியது 16 கிலோவாட். இருபது சதவீதம். டீசல் எஞ்சினை முப்பது சதவீதத்துக்கு கீழ நீண்ட நேரம் ஓட்டக்கூடாது, உள்ள சூடு பத்தாம எண்ணெய் சரியா எரியாது, எக்ஸாஸ்ட்டுல கருப்பா பிசுபிசுன்னு சேரும், அதுக்கு வெட் ஸ்டாக்கிங்னு பேரு. உதைச்சு கிளப்ப பெருசா வாங்கினா ஓடும்போது கெட்டுப் போகுது, ஓட்டறதுக்கு அளவா வாங்கினா கிளம்பாது.

எண்ணெய் கணக்கு இது. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்துல டீசல் 2 வெள்ளி 15 காசுலேர்ந்து 3 வெள்ளி 35 காசுக்கு போச்சு, அதுக்கப்புறம் மார்க்கெட் விலைக்கு ஏத்த மாதிரி ஏறி இறங்குது, நான் கணக்குக்கு 3 வெள்ளின்னு வெச்சேன். 20 கேவிஏ முழு லோடுல மணிக்கு அஞ்சு லிட்டர் கிட்ட குடிக்கும், யூனிட்டுக்கு 95 காசு மாதிரி வரும். நம்ம லோடுல ஓட்டுனா ஒன்றரை லிட்டருக்கு மேல குடிச்சிட்டு கொஞ்சமாத்தான் குடுக்கும், அப்ப யூனிட் ஒன்றரை வெள்ளிக்கு வந்திடும், ராத்திரி லோடு ரெண்டு கிலோவாட்டா இறங்குனா இன்னும் மேல. டிஎன்பி, அதான் நம்ம கரண்டு கம்பெனி, குடுக்கற யூனிட் 51 காசு கிட்டத்தான். உடனே "பார்த்தியா, டீசல் மூணு மடங்கு"ன்னு சோலார் விக்கறவங்க சொல்வாங்க. ஆனா இது பேக்கப்புக்கு தப்பான கணக்கு. டிஎன்பி சப்ளை தீபகற்பத்துல ஒரு வாடிக்கையாளருக்கு சராசரி வருஷத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் கீழதான் போகுது, எங்க லைன் அதை விட மோசம்னு வெச்சு, பக்கத்துல எவனாவது ரோடு தோண்டி கேபிளை வெட்டறதையும் சேர்த்து, வருஷத்துக்கு பன்னெண்டு மணி நேரம்னு தாராளமா போட்டாலும் எண்ணெய் செலவு அறுபது வெள்ளி. அறுபது வெள்ளிக்கு யார் பேனல் போடுவாங்க?

டீசல்ல காசு போறது எரிக்கறதுல இல்ல, சும்மா நிக்கறதுல. மாசம் ஒரு தடவை லோடு குடுத்து ஓட்டணும், வருஷத்துக்கு ஒரு தடவை எஞ்சின் ஆயில், ஃபில்டர், ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட்டர் பேட்டரி. பக்கத்து லாட்டுல ஒருத்தர் வெச்சிருக்காரு, தேவைப்பட்ட நாள்ல டிக்னு ஒரு சத்தம், அப்புறம் ஒண்ணும் இல்ல, பேட்டரி செத்துப் போச்சு, ஜென்செட் கிளம்பாம போறதுக்கு ரொம்ப சாதாரணமான காரணமே இதுதான். அதோட நம்ம பம்புல போடற டீசல்ல பாமாயில் பயோடீசல் கலந்திருக்கு, பத்து சதவீதம் கலந்த பி10 வாகனங்களுக்கு 2019 பிப்ரவரியிலேர்ந்து கட்டாயம். தினமும் ஓடற லோரிக்கு ஒண்ணும் இல்ல, ஆனா டேங்குல மாசக்கணக்கா நின்னா பயோடீசல் காத்துலேர்ந்து ஈரத்தை இழுக்கும், தண்ணி அடியில தங்கி அதுல பாசி மாதிரி ஒண்ணு வளரும், ஃபில்டரை கழட்டினா பழுப்பு கலர்ல வழவழன்னு வரும். நம்ம காத்துல ஈரத்துக்கு பஞ்சமா என்ன? டேங்கை எப்பவும் நிரப்பி வெக்கணும், அடியில வடிகால் திறந்து தண்ணி எடுக்கணும், ஆறு மாசத்துக்கு மேல பழைய எண்ணெயை வெச்சுக்கக் கூடாது.

இன்னொண்ணு புகை. சாப்பாட்டு கம்பெனி, உணவு பாதுகாப்புக்கு தர்ற மெஸ்தி சர்டிபிகேட் எடுத்த இடம், ஜெனரேட்டரை பின்பக்க சந்துல வெச்சா காத்து அடிக்கற பக்கம் மாறும்போது அரைக்கற ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் வழியா வாசம் உள்ள வருது. வாடகை மெஷினை ஓட்டின அன்னிக்கே தெரிஞ்சுது. முன்பக்கம் வெச்சா வேன் நிக்க இடம் இல்ல.

இப்ப சோலார். நிறைய பேருக்கு தெரியாத விஷயம், அத்தானுக்கும் தெரியல, சாதாரணமா கூரையில போடற, டிஎன்பி லைனோட சேர்ந்து ஓடற கிரிட் டை சோலார் கரண்டு போன உடனே தானும் அடைஞ்சிடும், வெயில் கொளுத்தினாலும் சரி. லைன்ல வேலை செய்யற டிஎன்பி ஆளுக்கு நம்ம கூரையிலேர்ந்து ஷாக் அடிக்கக் கூடாதுங்கறதுக்காக இன்வெர்ட்டர்லயே அப்படி வெச்சிருக்காங்க. பேட்டரியும், கிரிட்டை விட்டு தனியா பிரிஞ்சு ஓடற ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் இருந்தாத்தான் பேக்கப். அதுவும் எங்களுக்கு கரண்டு போறது மழை நேரத்துல, வானம் கருத்திருக்கும், பேனல்லேர்ந்து வர்றது சொற்பம். அப்ப பேனலை பேக்கப்புன்னு நினைக்கவே கூடாது. பேனல் லைட் பில்லுக்கு, பேட்டரி கரண்டு போற நேரத்துக்கு. இப்படி ரெண்டா உடைச்சிட்டா சோலாரா டீசலாங்கற சண்டையே மாறிடுது, டீசலோட மோதறது பேட்டரிதான், பேனல் தன் சோத்தை தானே சம்பாதிக்குதான்னு தனியா பாக்கணும்.

பேனலை பாத்தோம். மாசம் 2,350 யூனிட் கிட்ட ஓடுது, பில்லு 1,200 வெள்ளி சுத்தி. 2025 ஜூலையிலேர்ந்து வந்த புது தாரிப்புல, அதாவது கட்டணப் பட்டியல்ல, லோ வோல்டேஜ் கடை கம்பெனிக்கு எனர்ஜி 27.03 காசு, கெபாசிட்டி 8.83, நெட்வொர்க் 14.82, மூணையும் கூட்டினா யூனிட்டுக்கு 50.68 காசு, மாசம் 20 வெள்ளி ரீடெய்ல் சார்ஜ் தனி. மூணுமே யூனிட் கணக்குல வர்றதால நாம ஒரு யூனிட் மிச்சம் பண்ணினா முழு 50 காசும் மிச்சம். மீடியம் வோல்டேஜ்ல இருக்கற பெரிய ஃபேக்டரிக்கு அப்படி இல்ல, அவங்களுக்கு கெபாசிட்டியும் நெட்வொர்க்கும் உச்ச டிமாண்ட் கிலோவாட் மேல போடறாங்க, அதனால அவங்க கணக்கை பார்த்து நாம முடிவெடுக்கக் கூடாது, நம்ம கணக்கை பார்த்து அவங்களும்தான்.

580 வாட் பேனல் பதினாலு, மொத்தம் 8.12 கிலோவாட். பினாங்குல வருஷ சராசரி ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு மூணரை யூனிட் மாதிரி எடுத்தா 28, 29 யூனிட். ஜனவரி பிப்ரவரி வறண்ட நாள்ல 34 கூட வருது, அடைமழை நாள்ல 15க்கு போயிடுது. நாம பூமத்திய ரேகைக்கு மேல அஞ்சு டிகிரியிலதான் இருக்கோம், சூரியன் வருஷத்துல கொஞ்ச நாள் வடக்கால போகும், மிச்ச நாள் தெற்கால, அதனால கூரை எந்தப் பக்கம் பாக்குதுன்னு ரொம்ப மண்டையை உடைக்க வேணாம், பக்கத்து கட்டட தண்ணி டேங்கு நிழல் விழுதான்னு பாருங்க. பத்து டிகிரி சாய்வு இருந்தா மழையே கழுவி விட்டுடும்.

இன்னும் ரெண்டு பேனல் வரிசை போடலாம்னு கான்ட்ராக்டர் சொன்னார், நான் வேணாம்னுட்டேன். பகல்ல கிரைண்டர் நிக்குது, கோல்ட் ரூம், ஃப்ரீஸர், ஏர்கான், பேக்கிங் எல்லாம் சேர்த்து நாளைக்கு முப்பது யூனிட்தான் வெயில் நேரத்துல இழுக்கும், அதுக்கு மேல உற்பத்தி பண்ணினா வெளியே தள்ளணும். வெளியே தள்ற யூனிட்டை பில்லுல கழிச்ச பழைய நெட் மீட்டரிங் 3.0 திட்டத்தை 2025 ஜூன் 30ஓட மூடிட்டாங்க, வெளியே தள்றதுக்கு முன்ன மாதிரி மதிப்பு இல்ல, நாங்க சொந்த உபயோகத்துக்கு மட்டும்னு வெச்சுக்கிட்டோம். அரைக்கறதை பத்து மணிக்கு மாத்துனா சூரியன்லயே அரைச்சிடலாமேன்னு அக்காகிட்ட கேட்டேன். "மாவு உன் சூரியனை கேட்டு புளிக்காது தம்பி, காலையில அரைச்சாத்தான் ரெண்டு மணிக்கு சரியான பதம்"னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்க. வாதாடல.

கணக்கு இப்படி நின்னுச்சு. பேனலும் சாதா இன்வெர்ட்டரும் மட்டும்னா 27,000 வெள்ளி. அதையே 12 கிலோவாட் த்ரீ ஃபேஸ் ஹைப்ரிட், 5.12 யூனிட் லித்தியம் அயர்ன் பாஸ்ஃபேட் பேட்டரி மூணு சேர்த்தா 47,000. ஆக பேக்கப்புக்குன்னு நாம குடுக்கறது 20,000. கம்ப்ரஸர் கிளம்பும்போது இழுக்கற கரண்டை குறைக்கற சாஃப்ட் ஸ்டார்ட்டர் ஒண்ணு 1,200. சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டுட்டா டீசலும் 20 கேவிஏ வேண்டியதில்ல, 12 கேவிஏ போதும், அதுக்கு மறுபடி கொட்டேஷன் கேட்டா 19,000. பாருங்க, ரெண்டும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வந்து நிக்குது. விலை சமமா ஆனப்புறம் புகை, சத்தம், மாசா மாசம் ஓட்டற வேலை, பழைய எண்ணெய் இதெல்லாம்தான் தராசை சாய்ச்சுது. பேட்டரி சும்மாவும் நிக்கல, மத்தியானம் மிச்சம் ஆகற வெயிலை விடியக்காலை கிரைண்டருக்கு குடுக்குது.

சாஃப்ட் ஸ்டார்ட்டரை மத்த எல்லாத்துக்கும் முன்னாடி போட்டோம். 31 ஆம்ப் இருந்த இன்ரஷ் 14க்கு இறங்கிச்சு. 1,200 வெள்ளியில இதை விட உருப்படியான வேலை இந்த முழு ப்ராஜெக்ட்ல இல்ல. ஸ்க்ரோலுக்கு ஏத்த மாடலா பார்த்து வாங்கணும், மெதுவா மெதுவா கிளப்பற பம்ப் மாடல் இதுக்கு ஆகாது.

12 கிலோவாட் இன்வெர்ட்டர்னு எழுதியிருந்தாலும் ஃபேஸுக்கு 4தான், எல்லா சிங்கிள் ஃபேஸ் சாமானையும் ஒரே ஃபேஸ்ல தொங்க விட்டா அது மட்டும் ஓவர்லோடாகி எல்லாம் அடையும். அதனால வயர்மேன் முக்கிய லோடுக்கு தனி டிபி போர்டு போட்டு, ஃப்ரீஸரை ஒரு ஃபேஸ், லைட்டு கேமராவை இன்னொண்ணு, கம்ப்யூட்டரை மூணாவதுன்னு பிரிச்சார். கூரையில ஓட்டை போடக்கூடாதுன்னு லாட் ஓனர் சொல்லியிருந்ததால சிங்க்கோட மடிப்பை கவ்வற கிளாம்ப்தான், ஓட்டை இல்ல, ஒழுகாது, காலி பண்ணும்போது கழட்டிக்கலாம்னு ஒப்பந்தத்துலயே எழுதி வாங்கிட்டோம். ஒரு பேனல் 28 கிலோ, மொத்தம் கிட்டத்தட்ட 400 கிலோ, கூரை தாங்கும்னு இன்ஜினியர் கடிதமும் வாங்கியாச்சு. வாடகை இடத்துல சோலார் போடறவங்க இந்த ரெண்டு காகிதம் இல்லாம கம்பி கூட இழுக்காதீங்க.

பேட்டரி எங்க வெக்கறதுன்னு பேசறதுக்கே நேரம் போச்சு. கான்ட்ராக்டர் ஸ்டோர் மேல பரண்ல வெக்கலாம்னார், சிங்க் கூரைக்கு கீழ மத்தியானம் தெர்மாமீட்டர் 44 காட்டுச்சு, அந்த சூட்டுல லித்தியம் பேட்டரி ஆயுசு சீக்கிரம் போயிடும். ஆஃபீஸ் சுவர்ல, தரையிலேர்ந்து ஒரு மீட்டர் உயரத்துல, ஏர்கான் காத்து படற பக்கம் மாட்டுனோம். உயரம் எதுக்குன்னா வெள்ளம், 2017 நவம்பர் 4, 5 தேதியில பினாங்கு பட்ட பாட்டை பார்த்தவங்களுக்கு விளக்க வேணாம். இடிக்கு டிசி பக்கம், ஏசி பக்கம் ரெண்டுலயும் சர்ஜ் அரெஸ்டர்.

போட்டு முடிச்சு விட்டுட்டு போனப்புறம் ஆப்ல பார்த்தா விடியக்காலை நாலரைக்கு, கிரைண்டர் மூணும் ஓடும்போது, கரண்டை வெளியே தள்றதா காட்டுது. நாலரைக்கு ஏது சூரியன்? மீட்டர் பக்கத்துல கேபிளை சுத்தி மாட்டற சிடி சென்சர்ல ரெண்டாவது ஃபேஸ்ல அம்புக்குறி தலைகீழா இருந்துச்சு, இன்வெர்ட்டர் பாவம், அந்த ஃபேஸ்ல இழுக்கறதை தள்றதுன்னு நினைச்சுக்கிட்டு கணக்கை குழப்பிடுச்சு. வயர்மேன் வந்து திருப்பி மாட்டினதும் சரியாச்சு. புதுசா போடறவங்க ராத்திரியில ஒரு தடவை ஆப்பை திறந்து பாருங்க, சிடி கோளாறு பகலை விட ராத்திரியிலதான் பளிச்சுன்னு தெரியும்.

அதை விட முக்கியமா பார்த்தது ஈஎல்சிபி, கரண்டு கசிஞ்சா உடனே அடைக்கற பிரேக்கர். மாவு கம்பெனியில தரை எப்பவும் ஈரம். டிஎன்பி லைன் இருக்கும்போது நியூட்ரல் அவங்க பக்கம் எர்த்ல கட்டியிருக்கும், லைன் போய் இன்வெர்ட்டர் தனியா ஓடும்போது அந்தக் கட்டு இல்லாம போயிடும், இன்வெர்ட்டர் உள்ள ஒரு ரிலே அந்த நேரம் மட்டும் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்கணும். சேர்க்கலைன்னா ஷாக் அடிச்சாலும் ஈஎல்சிபி அசையாது. டெஸ்ட் பட்டனை மட்டும் நம்பாதீங்க, மெயினை அடைச்சு பேட்டரியில ஓடும்போது வயர்மேனை டெஸ்டர் வெச்சு டிரிப் ஆகுதான்னு காட்ட சொல்லுங்க. எங்களுக்கு டிரிப் ஆச்சு, நேரத்தையும் எழுதி வெச்சிருக்கு.

மெயினை இழுத்து விட்டு பாக்கற சோதனையில கம்ப்யூட்டர் கண்ணே சிமிட்டல. கம்ப்ரஸருக்கு கரண்டு குடுக்கற சுவிட்ச், கான்டாக்டர், மட்டும் டப்னு விட்டுச்சு, உடனே திரும்ப பிடிக்கப் பார்த்துச்சு, அது நல்லது இல்ல, உள்ள பிரஷர் இறங்கறதுக்கு முன்னாடி கிளப்பினா மோட்டார் திணறும். கண்ட்ரோலர்ல மூணு நிமிஷ டிலே வெச்சதும் ஒழுங்கா அமைதியா கிளம்புது.

பேட்டரியை தினமும் முழுசா காலி பண்ண விடல. சாதா நாள்ல ஐம்பது சதவீதம் வரைக்கும்தான் இறங்கலாம், கரண்டு போனா மட்டும் பதினஞ்சு வரைக்கும். செப்டம்பர் பொறந்தா அந்த ஐம்பதை எண்பதா ஏத்திடறோம், மழைக் காலத்துல பில்லுல ஒரு நாப்பது வெள்ளி கூட போகட்டும். விடியக்காலை பேட்டரி பாதியில இருக்கும்போது கரண்டு போச்சுன்னா ரெண்டரை மணி நேரம் ஓடும், அதுக்கு மேல ஜில்லுனு இருக்கற ரூம் இன்னும் மூணரை மணி நேரம் தாங்கும்.

நிஜமா போனது ஒரு அக்டோபர் சாயங்காலம், அஞ்சே முக்கால், நல்ல இடி, ரூம்ல அப்பதான் அடுக்கின மாவு. நான் பாலத்துல ஜாம்ல நிக்கறேன், அக்கா ஃபோன் போட்டு, "தம்பி, தெருவே இருட்டு, நம்ம ரூம் மட்டும் ஓடுது, இது சரியா இல்ல ஏதாச்சும் பிரச்சினையா"ன்னு கேக்கறாங்க. ஆப்ல பார்த்தா பேட்டரி 92, பேனல்லேர்ந்து வர்றது 180 வாட், சொன்னேன்ல, மழையில சோலார் அவ்ளோதான். கரண்டு வந்தப்ப பேட்டரி 49, ரெண்டு மணி நேரத்துல ஆறரை யூனிட்டுக்கு மேல போயிருக்கு, ரூம் 6 டிகிரி, பாக்கெட் ஒண்ணு கூட உப்பல. பேட்டரி மட்டும் இருந்தா அந்த நிலைமையில இன்னும் ஒன்றரை மணி நேரம் போயிருக்கும்.

அதுக்கு மேல நீண்டா? 1996 ஆகஸ்ட் 3 மாதிரி தீபகற்பமே இருட்டானா, வெள்ளம் ஏறி சப்ஸ்டேஷனை அடைச்சு வெச்சா, மூணு பேட்டரி ஒரு ராத்திரி கூட தாண்டாது, அங்க டீசலை அடிச்சுக்க ஆள் இல்ல, எண்ணெய் ஊத்த ஊத்த ஓடும். அதனால வெளி சுவர்ல ஒரு ஜெனரேட்டர் இன்லெட் சாக்கெட்டும், ரெண்டு பக்கமும் ஒண்ணா போக முடியாத இன்டர்லாக் சேஞ்ச்ஓவரும் போடறதா முடிவு, வாடகைக்கு எடுக்கற மெஷினை அப்படியே சொருகிக்கலாம், சாஃப்ட் ஸ்டார்ட்டர் இருக்கறதால சின்ன மெஷினே போதும். ஃபேஸ் வரிசையை இன்லெட் மூடியிலயே பெயின்ட்ல எழுதிடணும்.

இன்னொரு பக்க லாட்டுல வெல்டிங் ஒர்க்‌ஷாப், அந்த அண்ணன் இதெல்லாம் பார்த்துட்டு தனக்கும் இதே மாதிரி பேட்டரி போடலாமான்னு கேட்டார். அவர்கிட்ட இருக்கறது 20 எச்பி ஏர் கம்ப்ரஸர், நாலு வெல்டிங் செட்டு, கரண்டு போனா கெட்டுப் போற சாமான் ஒண்ணும் இல்ல, டெலிவரி தேதிதான் பிரச்சினை. டீசலே வாங்குங்கண்ணே, லோடு நல்லா இருக்கு, வெட் ஸ்டாக்கிங் பயம் இல்ல, ஸ்டார்ட்டர் பேட்டரிக்கு மட்டும் ஒரு சார்ஜர் மாட்டி வெய்யுங்கன்னேன். கூரை பெருசா இருக்கு, பகல்லதான் வேலை, அதனால பேனலை பில்லுக்காக தனியா யோசிக்கலாம்னும் சொன்னேன், அடுத்த வாரம் அவர் மீட்டர்ல கிளாம்ப் போட்டு பாக்கறோம்.